ரோர்க்ஸ் டிரிஃப்டை அலமாரியில் அடுக்க: டபிள்யூ. பிரிட்டன் ஜூலு போர் உலோக வீரர்கள்

1879 ஆங்கிலோ-ஜூலு போர் பொம்மைகளை வாங்க நினைப்பவர்கள் பெட்டியிலிருந்து முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது ஜூலு வீரனைத்தான். சிவப்புச் சட்டை பிரிட்டிஷ்காரனை எல்லா நிறுவனங்களும் ஓரளவு ஒழுங்காகவே செய்துவிடுகின்றன. சீருடை விதிகள், புகைப்படங்கள், அருங்காட்சியகத்தில் அசல் உடுப்புகள் என்று அவனுக்கு ஆதாரங்கள் கொட்டிக் கிடக்கின்றன. எதிரில் நிற்பவனுக்கு ஒரே உடம்பை வார்த்து, கையை மட்டும் மாற்றி, கறுப்புப் பெயின்ட் அடித்து அனுப்புவது பழைய வழக்கம். ஒரு வரிசை உழைத்துச் செய்யப்பட்டதா என்பது ஜூலு வீரனைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

டபிள்யூ. பிரிட்டன் என்ற பொம்மை நிறுவனத்தின் இப்போதைய ஜூலு போர் வரிசை 1/30 அளவு, கையால் மேட் (பளபளப்பில்லாத) வண்ணம் பூசிய உலோக வார்ப்பு. 1893-இல் உள்ளீடற்ற ஈய வார்ப்பு முறையைக் கொண்டுவந்து 54 மி.மீ. அளவை நிலைநாட்டிய அதே பழைய பெயர்தான். அந்தக் காலத்து 147-ஆம் எண் ஜூலு பெட்டியில் எல்லோரும் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு ஒரே மாதிரி ஓடுவார்கள். பளபளக்கும் எனாமல் பூச்சு, அசையும் கை. ஈய வார்ப்பு 1966-இல் நின்றுபோனது. இன்றைய மேட் வரிசையில் ஒவ்வொரு ஆளையும் தனியாகச் செதுக்கியிருக்கிறார்கள். முகத்துக்கு முகம் வித்தியாசம் தெரிகிறது. கைகலப்பில் மாட்டிக்கொண்ட இருவரைச் சேர்த்தே வார்த்த ஜோடிகளும் உண்டு. பழைய பளபளப்பு வேண்டுவோர் ஏலத்தைத்தான் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே தட்டில் கலக்காதீர்கள், எடுபடாது.

ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்பது ஒரு சிறு பிரிட்டிஷ் படை ஜூலுக்களை எதிர்த்து நின்ற முகாம். அதைத் தாக்கியவர்களில் உதுல்வானா, இன்ட்லோன்ட்லோ, உட்லோகோ படைப்பிரிவினர் நாற்பதைத் தாண்டியவர்கள், மணமானவர்கள். மணமானதன் அடையாளமாகத் தலைமுடியோடு சேர்த்துக் கட்டிய இசிகோகோ என்ற வளையம் அவர்கள் தலையில் இருக்கும். கூட வந்த இன்ட்லுயெங்வே மட்டும்தான் முப்பதுகளில் இருந்த மணமாகாத படை. ஆக, ‘உதுல்வானா’ என்ற பெயரில் விற்கும் உருவத்துக்கு இருபது வயது முகம் இருந்தாலோ தலையில் வளையம் இல்லாமலிருந்தாலோ அதைத் தள்ளிவிடலாம். கனத்த தோள், சற்றே சரிந்த வயிறு, வளையத்துக்குக் கீழே ஏறிப்போன நெற்றி: இவைதான் சரியான உருவம்.

அடுத்து உடை. நெற்றிப்பட்டை, உயர்ந்த இறகு, கை கால் முழுக்கப் பசுவின் வால்முடி என்று முழு அலங்காரத்தில் நிற்பவன் அரசன் முன் நடக்கும் விழாவுக்கு உரியவன். போருக்குப் புறப்படும்போது இவற்றில் பெரும்பகுதியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். இடுப்புத் தோல், கழுத்தில் கட்டிய மருந்து முடிச்சு, சிலருக்குக் கொஞ்சம் பசுவின் வால்முடி, அவ்வளவுதான். அலங்காரம் கண்ணைப் பறிக்கிறது என்பதால் விற்பனையாளர்கள் அதைத்தான் முன்னால் வைப்பார்கள். உங்கள் அலமாரியில் இருப்பது போர்க்களம் என்றால் அவர்களில் ஒருவனுக்கு மேல் வேண்டாம்.

கேடயத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். நடுவில் ஒரு கம்பு ஓடும். அதன் உச்சியில் விலங்கின் வால்முடி சுற்றியிருக்கும். கம்பின் இருபுறமும் தோல் பட்டைகளை வரிசையாகத் துளைத்துக் கோத்திருப்பார்கள். முன்பக்கம் அந்தக் கோவை இரண்டு செங்குத்து வரிசைகளாகத் தெரிய வேண்டும். பின்பக்கமும் அதே இடத்தில் வர வேண்டும். முன்னால் கோடு போட்டுவிட்டுப் பின்னால் வழவழவென்று விட்டிருந்தால் செதுக்கியவர் அசலைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். இசிஹ்லாங்கு பெரிய கேடயம். ஜூலு அரசன் செட்ஷ்வாயோ காலத்தில் பரவிய உம்பும்புலுசோ என்ற சிறிய கேடயம் ஒரு மீட்டரை ஒட்டிய உயரம். 1/30-இல் அது ஏறத்தாழ 33 முதல் 35 மி.மீ. வரும். 1879-க்குள் ஒரே படைப்பிரிவில் ஒரே நிறம் என்ற கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது. ஆனாலும் உதுல்வானாவுக்கு வெள்ளையே பெரும்பான்மையாக இருப்பதுதான் பொருத்தம்.

துப்பாக்கியில் பலரும் கோட்டை விடுகிறார்கள். மலைச்சரிவிலிருந்து ரோர்க்ஸ் டிரிஃப்ட் முகாமை நோக்கிச் சுட்ட ஜூலுக்களிடம் இருந்தவை பழைய, வாய்வழி மருந்து கிட்டிக்கும் மஸ்கெட்டுகள். பிரிட்டிஷ் படையின் மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிகள் கிடைத்தது, அதே நாள், 1879 ஜனவரி 22 அன்று, ஜூலுக்கள் வென்ற இசாண்ட்ல்வானா பிரிட்டிஷ் முகாமைச் சூறையாடியவர்களுக்கு. ரோர்க்ஸ் டிரிஃப்டுக்கு வந்த படை இசாண்ட்ல்வானாவில் சேமப்படையாக நின்று, முகாமுக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு வந்தது. மார்ட்டினி ஏந்திய ஜூலு வீரன் அழகாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். அவனை மார்ச் 29-இல் நடந்த கம்புலா சண்டைக் காட்சியில் நிறுத்துங்கள்.

இனி சிவப்புச் சட்டை. ரோர்க்ஸ் டிரிஃப்டில் நின்ற பிரிட்டிஷ் 24-ஆம் படைப்பிரிவுக்குக் கழுத்துப்பட்டையிலும் மணிக்கட்டிலும் பச்சை நிறம் வரும். அங்கே தலைமை தாங்கிய லெப்டினென்ட் சார்ட் பொறியியல் படையைச் சேர்ந்தவர் என்பதால் அவருக்குக் கருநீலம். வெள்ளைத் தலைக்கவசத்தைத் தேநீர் முதலியவற்றால் கறையாக்கி, சின்னத்தைக் கழற்றிவிட்டுத்தான் களத்தில் அணிந்தார்கள். பால்வெள்ளைக் கவசத்தில் பித்தளைத் தகடு மின்னினால் அவன் அணிவகுப்புக்குப் போகிறவன். தோல்பட்டைகளில் 1871 வேலைஸ் அமைப்பைத் தேடுங்கள். முன்னால் இரண்டு பைகள், ஒவ்வொன்றிலும் 20 தோட்டா. இடுப்பின் பக்கமோ பின்னாலோ தொங்கும் கறுப்புப் பையில் உதிரியாக 30. ஆக மொத்தம் ஆளுக்கு 70. சுட்டுக்கொண்டிருக்கும் உருவத்தில் இந்தக் கறுப்புப் பை திறந்திருந்தால் அந்தச் சிற்பி விஷயம் தெரிந்தவர்.

அளவைச் சரிபார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. மார்ட்டினி ஹென்றியின் நீளம் 49 அங்குலம். 1/30-இல் அது 41.5 மி.மீ., 1/32-இல் 39. 1876 மாதிரி பயனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) செருகினால் அசலில் ஏறக்குறைய 6 அடி. அதாவது பொம்மையில் 61 மி.மீ. அளவில் ஆளின் தலையைத் தாண்டி நிற்க வேண்டும். பயனெட் செருகிய துப்பாக்கியைச் செங்குத்தாக ஊன்றியிருப்பவனின் தோளோடு முனை நின்றுபோனால் துப்பாக்கியைக் குறுக்கிவிட்டார்கள். துப்பாக்கியில் பக்கவாட்டில் போல்ட் கைப்பிடி இருக்கவே கூடாது. விசைக்குப் பின்னால் கீழே நெம்புகோல் இருக்க வேண்டும்.

நேட்டால் நேட்டிவ் கன்டின்ஜென்ட் வீரர்கள் இரண்டு மூன்று பேரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டன் பக்கம் போரிட்ட ஆப்பிரிக்கர்கள் அவர்கள். அடையாளம் தலையில் கட்டிய சிவப்புத் துணி. துப்பாக்கி பத்தில் ஒருவருக்குத்தான். இசாண்ட்ல்வானாவில் இறந்த அவர்களை விட்டுவிட்டு அந்தக் களத்தை அடுக்குவது நியாயமில்லை. எல்லையான எருமையாற்றைக் கடந்து ஜனவரி 11 அன்று படையெடுத்துப் போனது பிரிட்டன்தான் என்பதும் இந்தப் பெட்டிப் படங்களில் தெரியாது. அவற்றில் எப்போதும் முற்றுகையிடப்பட்ட வெள்ளைக்காரர்கள்தான்.

ரோர்க்ஸ் டிரிஃப்டில் அரணாக அடுக்கிய தானிய மூட்டைச் சுவரும் பிஸ்கட் பெட்டிகளும் தனியாகக் கிடைக்கின்றன. சுவரை 40 மி.மீ.க்கு மேல் ஏற்ற வேண்டாம். அசல் நான்கடியை ஒட்டியதுதான். பெட்டிகளை நீங்களே பால்சா மரத்தில் வெட்டிக்கொள்ளலாம், வாங்குவது வீண்.

எண்ணிக்கைதான் பணத்தைத் தின்னும். ரோர்க்ஸ் டிரிஃப்ட் முகாமில் இருந்தவர்கள் 150 பேர் அளவு, தாக்கியவர்கள் 3,000 முதல் 4,000. அலமாரிகளில் பெரும்பாலும் இது தலைகீழாக இருக்கும்: ஐந்து சிவப்புச் சட்டைக்கு இரண்டு ஜூலு. ஒருவருக்கு மூவர் என்ற கணக்காவது வேண்டும். உலோகத்தில் அதற்குக் கட்டுப்படியாகாது என்றால், முன்வரிசைக்கு உலோகம், பின்வரிசைக்கு ஆர்மீஸ் இன் பிளாஸ்டிக் போன்ற 1/32 மென்பிளாஸ்டிக். ஓர் உலோக வீரனின் விலைக்கு ஒரு பெட்டியே வந்துவிடும். 170 செ.மீ. ஆள் 1/30-இல் 57 மி.மீ., 1/32-இல் 53. பின்னால் வைத்தால் இந்த 4 மி.மீ. குறைவு தூரத்தைக் காட்டி நமக்கே உதவுகிறது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

மென்பிளாஸ்டிக் என்பது பாலிஎத்திலீன் வகை. பெயின்ட் அதில் லேசில் ஒட்டாது. முதலில் பாத்திரம் கழுவும் திரவத்தில் பழைய பல்துலக்கி கொண்டு தேய்த்து அச்சு எண்ணெயைப் போக்குங்கள். வளைந்த ஈட்டியைக் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி, நிமிர்த்திப் பிடித்தபடி குளிர்ந்த நீரில் விடுங்கள். அச்சுக்கோட்டை அரம் கொண்டு ராவினால் பிசிறு எழும். புது பிளேடால் சீவ வேண்டும். தண்ணீர் கலந்த பி.வி.ஏ. பசை (வெள்ளை மரப்பசை) ஒரு பூச்சு, காய்ந்ததும் அக்ரிலிக், முடிவில் மீண்டும் பி.வி.ஏ., அதற்கு மேல் மேட் வார்னிஷ். எனாமல் அடித்தால் கை வளையும் இடத்தில் செதில் செதிலாக உதிரும். தோல் நிறத்துக்குச் செம்பழுப்பு கலந்த அடர் பழுப்பை அடிப்படையாக வைத்து, மேடுகளுக்கு வெளிர் பழுப்பைச் சேர்த்து ஏற்றுங்கள். வெள்ளையைக் கலந்தால் உடம்பெல்லாம் சாம்பல் பூத்தது போலாகிவிடும்.

உலோகத்தில் முதலில் போவது ஈட்டியும் பயனெட்டும்தான், அதுவும் கைப்பிடிக்குச் சற்று மேலே. ஒருமுறை மெதுவாக நிமிர்த்தலாம். திரும்பத் திரும்ப வளைத்தால் முறியும். முறிந்தால் வெறும் சூப்பர் குளூ நிற்காது. 0.5 மி.மீ. துளையிட்டு, பித்தளைக் கம்பியைச் செருகி ஒட்ட வேண்டும். எடுக்கும்போது எப்போதும் அடித்தட்டைப் பிடித்துத் தூக்குங்கள்.

பழைய ஈய வீரர்களையும் சேர்ப்பவர்கள் ஓக் மர அலமாரியையும் எம்.டி.எஃப். பலகையையும் தவிர்க்க வேண்டும். அவற்றிலிருந்து வரும் அமில ஆவி மூடிய கண்ணாடிக்குள் தங்கி, ஈயத்தை வெண்பொடியாக மாற்றிவிடும். ஈரக்காற்று அதை இன்னும் வேகப்படுத்தும் என்பதால் கடலோர ஊர்களில் சிலிக்கா ஜெல் பொட்டலம் கட்டாயம். உலோகம் அல்லது கண்ணாடித் தட்டு, கொஞ்சம் காற்று போக இடைவெளி இருந்தால் போதும். வெண்பொடி கண்டால் அந்த உருவத்தை உடனே தனியாக எடுத்துவைத்து, கையுறை போட்டே தொடுங்கள், அது நஞ்சு.