அரை இன்ச் டார்க் ரெஞ்ச்: ஆறு வருடப் பழக்கமும் ஒரு தீராத எரிச்சலும்

நண்பர் ஒருவர் தன்னுடைய மாருதி 800-க்கு வீட்டு வாசலிலேயே ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) மாற்றப்போகிறார். ஸ்பேனர், சாக்கெட் எல்லாம் இருக்கிறது, போல்ட்டை எவ்வளவு முறுக்கில் இறுக்குகிறோம் என்று அளந்து சொல்லும் டார்க் ரெஞ்ச் மட்டும்தான் இல்லை. "நீங்க வெச்சிருக்கிற அதே அரை இன்ச் ரெஞ்சையே வாங்கிடட்டுமா?" என்று கேட்டார். ஆமாம், இல்லை என்று ஒரு சொல்லில் முடிகிற விஷயமில்லை இது. ஆறு வருடமாகக் கையில் இருக்கும் கருவி. இதைப் பாராட்டவும் நிறைய இருக்கிறது, இதன்மேல் கோபமும் நிறைய இருக்கிறது.

ரகம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கைப்பிடியைத் திருகி அளவு வைக்க வேண்டும், அந்த அளவு வந்ததும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் விட்டுக்கொடுத்து "டக்" என்று விழும். அரை இன்ச் என்பது சாக்கெட் மாட்டும் சதுர முனையின் அளவு. முறுக்கை அளக்கும் அலகான நியூட்டன் மீட்டரில் இதன் வீச்சு 28 முதல் 210 வரை. கடைகளில் அதிகம் விற்பதும் இந்த ரகம்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஹெட் போல்ட் முடுக்குவதற்கு இது அருமையான கருவி. 60-ல் வைத்தால் அந்த "டக்" காதிலும் கேட்கும், உள்ளங்கையிலும் உதைக்கும், தவறவிடவே முடியாது. இந்த ரக ரெஞ்சுகளுக்கு ஐஎஸ்ஓ 6789 என்ற சர்வதேசத் தரநிலை அனுமதிக்கும் பிழை கூடக்குறைய 4 சதவீதம். 60 வைத்தால் 57.6-க்கும் 62.4-க்கும் இடையில் எங்காவது விழும், அவ்வளவுதான். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் வெறும் கைப்பதத்தால் எட்டு போல்ட்டையும் இந்த நெருக்கத்துக்குள் கொண்டுவருவது கடினம். காலையில் முடுக்கும் முதல் போல்ட்டுக்கும் முதுகு வலித்த பிறகு முடுக்கும் எட்டாவது போல்ட்டுக்கும் கை ஒரே கணக்குச் சொல்லாது.

ஆறு வருடத்தில் அளவு நகர்ந்துவிட்டதா என்பதை வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். சதுர முனையை வைஸில் இறுக்கிப் பிடித்து ரெஞ்சைக் கிடைமட்டமாக நிறுத்த வேண்டும். முனையின் மையத்திலிருந்து சரியாக 40 சென்டிமீட்டரில், கைப்பிடியில் கயிறு கட்டி ஒரு வாளியை மெதுவாகத் தொங்கவிட வேண்டும். வாளியும் தண்ணீரும் சேர்த்து 14 கிலோ என்றால் 14-ஐ 9.81-ஆலும் 0.4-ஆலும் பெருக்க, சுமார் 55 நியூட்டன் மீட்டர். ரெஞ்சின் சொந்த எடை ஒன்றரைக் கிலோவை ஒட்டி இருந்தால் அது ஒரு மூன்று சேர்க்கும், ஆக 58. ரெஞ்சை 55-ல் வைத்தால் விழ வேண்டும், 62-ல் வைத்தால் விழக்கூடாது. ஆய்வகச் சோதனைக்கு இது ஈடாகாது. ஆனால் ஸ்பிரிங் தளர்ந்துபோன ரெஞ்சை இது காட்டிக்கொடுத்துவிடும். என்னுடையது இன்றைக்கும் இதில் தேறுகிறது. வேலை முடிந்ததும் ஒவ்வொரு முறையும் அளவைக் கடைசிக் கோடான 28-க்கு இறக்கி வைப்பதுதான் காரணம். 60-லேயே விட்டுவிட்டு மாதக்கணக்கில் பெட்டியில் போட்டால் ஸ்பிரிங் அந்த அழுத்தத்திலேயே படிந்துவிடும். 28-க்கும் கீழே முழுக்கக் கழற்றிவிடுவதும் தப்பு, உள்ளே இருக்கும் பாகங்கள் இடம் மாறும்.

இனி ஹெட் வேலை. 800-ன் இன்ஜின் 796 சிசி, மூன்று சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக்கின்மேல் அலுமினிய ஹெட். சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். நடுவில் கிடந்து இந்த இழுபறியைத் தாங்குவது கேஸ்கெட். நம் ஊரில் ரேடியேட்டருக்குக் கூலன்ட் ஊற்றாமல் போர் தண்ணீரை ஊற்றியே ஓட்டுகிறார்கள். உப்புப் படிந்து ரேடியேட்டர் குழாய்கள் அடைத்து, வண்டி ஒருமுறை நன்றாகச் சூடேறினால் போதும், ஹெட் வளைந்து கேஸ்கெட் வாய் பிளக்கும். தண்ணீர் தானாகக் குறைவது, ஸ்டார்ட் செய்ததுமே ரேடியேட்டர் வாயில் குமிழி வருவது, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே மேல் ஹோஸ் கல்லாக இறுகுவது, ஆயில் மூடியின் அடியில் பால் கலந்த காபி நிறத்தில் பசை, இதெல்லாம் அறிகுறி. மூடியில் மட்டும் லேசாகப் பசை இருந்து மற்ற எதுவும் இல்லையென்றால் அவசரப்பட வேண்டாம். குறைந்த தூரமே ஓடும் வண்டியில் ஈரம் சேர்ந்தாலும் அப்படித்தான் இருக்கும்.

கழற்றும்போது டார்க் ரெஞ்சைத் தொடவே கூடாது. அது முடுக்க மட்டும். பிடித்துக்கொண்ட போல்ட்டை இதை வைத்து உடைத்தால் போல்ட்டோடு அளவும் போய்விடும். கழற்றுவதற்கு நீளமான பவர் பார் போதும். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். டைமிங் பெல்ட்டைக் கழற்றும் முன் கேம் புல்லியிலும் கிராங்க்கிலும் குறிகளை நேருக்குக் கொண்டுவந்து பெயிண்ட் புள்ளி வைத்துவிடுங்கள். ஹெட் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொன்றையும் கால் சுற்றாகத் தளர்த்த வேண்டும். ஒரே பக்கத்தை முழுக்கக் கழற்றினால் நேராக இருந்த ஹெட்டும் வளையும்.

தூக்கிய ஹெட்டைச் சுத்தம் செய்து நேர் பட்டையை வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய உலோக இலைகள்) விட்டுப் பாருங்கள், நீளவாட்டில், குறுக்கில், மூலைக்கு மூலை. 0.05 மி.மீ. இலை எங்கேயாவது நுழைந்தால் ஹெட் லேத் பட்டறைக்குப் போக வேண்டியதுதான். வளைவு போகிற அளவுக்கு மட்டும் சீவச் சொல்லுங்கள். பிளாக் முகத்தையும் அதே பட்டையால் பாருங்கள், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பிளாக்கில் ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும்போது கிரைண்டர் தட்டு, எம்ரி எதுவும் வேண்டாம். அதிலிருந்து உதிரும் பொடி ஆயில் வழியில் இறங்கி பேரிங்கைத் தின்றுவிடும். பழைய பிளேடைப் படுக்கவாட்டில் பிடித்துப் பொறுமையாக வழித்தெடுங்கள். சிலிண்டருக்குள் துணி திணித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

போல்ட் துளைகள்தான் உயிர்நாடி. நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பாதி போல்ட் தலைக்கு அடியில் உராய்விலேயே கரைந்துவிடும். இன்னொரு 40 சதவீதம் திரெட்டின் (மரையின்) உராய்வில் போகும். ஹெட்டை உண்மையில் அமுக்கிப் பிடிக்க மிஞ்சுவது பத்தே சதவீதம். திரெட்டில் துருவும் அழுக்கும் இருந்தால் அந்தப் பத்தும் கைக்கு வராது. ரெஞ்ச் "டக்" என்று சொல்லிவிடும், ஹெட் இறுகியிருக்காது. பழைய போல்ட் ஒன்றின் நுனியில் ஆக்ஸா பிளேடால் நீளவாட்டில் இரண்டு வெட்டு வெட்டி, அதைக் கையால் ஒவ்வொரு துளையிலும் ஏற்றி இறக்கினால் அழுக்கெல்லாம் அந்த வெட்டில் வந்துவிடும். பிறகு காற்றடித்து உலர்த்துங்கள். துளையின் அடியில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருக்கும்போது போல்ட்டை இறக்கினால் திரவம் போக இடமில்லாமல் பிளாக்கையே பிளந்துவிடும். போல்ட் திரெட்டிலும் வாஷரிலும் ஆயில் தடவுவதா, உலர்வாக விடுவதா என்பதில் கையேடு சொல்வதை மாற்றாதீர்கள். உலர்வாகச் சொன்ன இடத்தில் ஆயில் தடவினால் அதே அளவில் போல்ட் கூடுதலாக இழுபடும்.

புது கேஸ்கெட்டின் மேல்பக்கக் குறியைப் பார்த்து, ஆயில் துளை நேராக இருக்கிறதா என்று இரண்டு முறை சரிபார்த்து, பசை எதுவும் தடவாமல் வையுங்கள். எட்டு போல்ட்டையும் நடுவிலிருந்து வெளியே சுற்றிக்கொண்டு வரும் வரிசையில் முதல் சுற்று 30, இரண்டாம் சுற்று 45, மூன்றாம் சுற்று முழு அளவு. இந்த கார்புரேட்டர் இன்ஜினுக்கு முழு அளவு 55 முதல் 60 நியூட்டன் மீட்டர். மெக்கானிக்குகள் இதைத்தான் "ஆறு கிலோ" என்பார்கள், அதாவது ஒரு மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் ஆறு கிலோ எடை. உங்கள் வண்டி வேறு மாடல் என்றால் அதன் கையேட்டைப் பாருங்கள். கடைசியில் இத்தனை டிகிரி திருப்ப வேண்டும் என்று கோணக் கணக்கில் முடுக்கும் புதிய இன்ஜின்களில் போல்ட்டையே மாற்ற வேண்டியிருக்கும். ரெஞ்சைக் கைப்பிடியின் நடுவில் பிடித்து, வெட்டி இழுக்காமல் ஒரே சீராக இழுக்க வேண்டும். "டக்" விழுந்ததும் அங்கேயே நிறுத்துங்கள். முடித்த போல்ட்டில் உறுதிக்காக இன்னொரு தடவை "டக்" வைத்துப் பார்ப்பது பலருக்குப் பழக்கம். நின்றுவிட்ட போல்ட்டை அசைக்கவே கூடுதல் முறுக்கு வேண்டும் என்பதால் அந்தச் சத்தத்துக்கு அர்த்தமில்லை. சந்தேகமிருந்தால் அந்த ஒரு போல்ட்டை மட்டும் கால் சுற்றுத் தளர்த்தி மறுபடி முடுக்குங்கள்.

இதுவரை ரெஞ்சின்மேல் ஒரு குறை சொல்ல முடியாது. ஹெட் உட்கார்ந்தாயிற்று. இனிமேல்தான் எரிச்சல் ஆரம்பிக்கிறது.

ஹெட் போல்ட் எட்டை விட்டால் இந்த வேலையில் மிச்சமிருக்கும் ஏறக்குறைய எல்லாமே இந்த ரெஞ்சுக்குக் கீழே இருக்கிறது. மேனிஃபோல்ட் நட்டு 20-ஐ ஒட்டி. ஸ்பார்க் பிளக் 20-லிருந்து 30. மேலே மூடும் வால்வு கவர் போல்ட் 5-ஐச் சுற்றி. தெர்மோஸ்டாட் மூடியும் அப்படித்தான், சின்ன போல்ட். அத்தனையும் அலுமினியத்தில் ஏறுகிற திரெட். ரெஞ்சோ 28-ல் ஆரம்பிக்கிறது. இந்த ரக ரெஞ்சுகளின் துல்லியம் உச்ச அளவின் 20 சதவீதத்துக்குக் கீழே கணக்கில்லை, 210-க்கு அது 42. ஆக, கோடு போட்டிருக்கும் 28-லிருந்து 42 வரைக்குமே முழு நம்பிக்கை வைக்க முடியாது. 30-ல் அந்த "டக்" ஒரு முனகல் மாதிரிதான் கேட்கும். தெருவில் ஒரு லாரி போனால் அதுவும் காதில் விழாது. நான் மேலே முதல் சுற்றுக்கு 30 சொன்னதும் தோராயத்துக்குத்தான். கடைசிச் சுற்று சரியாக இருந்தால் அது பாதகமில்லை.

அளவுக்கு வெளியே இருக்கும் கருவி தன் எல்லையைத் தானே சொல்வதில்லை என்பதுதான் என் கோபம். 5-ல் நிற்க வேண்டிய வால்வு கவர் போல்ட்டில் இதை மாட்டினால் சத்தம் வராது. வரும், வரும் என்று கை காத்திருக்கும். சத்தம் வருமுன் திரெட் கழன்று வந்துவிடும். முதன்முதலாக டார்க் ரெஞ்ச் வாங்கியவர்கள் ஹெட்டை ஒழுங்காக முடித்துவிட்டு, கடைசி அரை மணி நேரத்தில் கவர் போல்ட்டில் திரெட்டைப் பறிகொடுப்பது இப்படித்தான். அப்புறம் ஹெலிகாயில் (பறிபோன திரெட்டுக்குப் பதிலாகச் செருகும் கம்பிச் சுருள்) போட மறுபடி பட்டறை. கைப்பதத்தை நம்பியிருந்தால் நடக்காத சேதம் இது. அளவுக்கோட்டின் ஒரு பக்கம் நியூட்டன் மீட்டர், மறுபக்கம் அடி பவுண்டு என்று ஒரே சாயத்தில் எழுதியிருப்பது அடுத்த ஆபத்து. 60 அடி பவுண்டு என்றால் 81 நியூட்டன் மீட்டர். மங்கிய வெளிச்சத்தில் பக்கம் மாறிப் படித்தால் ஹெட் போல்ட்டின் கதி என்ன? அடி பவுண்டுப் பக்கத்தில் கறுப்பு டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். நியாயமாகச் சொன்னால் இது ரெஞ்சின் குற்றமில்லை. பெரிய நட்டுகளுக்கென்று செய்த கருவி இது. அதை இன்ஜின் வேலைக்கு இது ஒன்றே போதும் என்று சொல்லி விற்பதுதான் குற்றம்.

ரெஞ்ச் இல்லாமலும் சின்ன போல்ட்டுகளைச் சரியாக முடிக்கலாம். ஸ்பார்க் பிளக்கைக் கையாலேயே திருகி வாஷர் உட்காரும் வரை கொண்டுபோய், புது பிளக் என்றால் சாக்கெட்டால் இன்னும் அரைச் சுற்று. வால்வு கவருக்கு ராட்செட்டின் தலையையே உள்ளங்கையில் பிடித்து, தண்டைத் தொடாமல், ரப்பர் கேஸ்கெட் அமுங்கும் வரை போதும். எல்லாம் மாட்டியபின் ஸ்டார்ட் செய்யுமுன் கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி டைமிங் குறிகள் திரும்ப நேரில் வருகின்றனவா பாருங்கள். ஹெட்டைத் தூக்கும்போது கொஞ்சம் தண்ணீர் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்பில் இறங்கியிருக்கும், ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

நண்பருக்கு என் பதில்: இதை வாங்காதீர்கள். முக்கால் பங்கு பாராட்டிவிட்டு இப்படிச் சொல்வது முரணாகத் தெரியலாம், ஆனாலும் அதுதான் என் முடிவு. 19-லிருந்து 110 வரை போகும் எட்டில் மூன்று (3/8) இன்ச் ரெஞ்ச் வாங்குங்கள். 60 என்பது அதற்கு நட்டநடு, அங்கேதான் அது நன்றாக நிற்கும், மேனிஃபோல்ட் நட்டுக்கும் ஓரளவு இறங்கி வரும். பிறகு காசு சேர்ந்தால் 5-லிருந்து 25 வரைக்குமான கால் இன்ச் ஒன்று. இந்த வாரமே வேலையை ஆரம்பித்தாக வேண்டும் என்றால் என்னுடையதை எடுத்துக்கொண்டு போங்கள். எட்டு ஹெட் போல்ட்டுக்கு மட்டும். முடித்ததும் 28-க்கு இறக்கிப் பெட்டியில் வைத்துத் திருப்பித் தாருங்கள்.