கடைப் பெயர் மட்டும் போதாது: கண்டி – நுவரெலியா சாப்பாட்டுக் குறிப்பு, ஏழு வருடங்களுக்குப் பிறகு

என் கைபேசியில் "சாப்பாடு – மலைநாடு" என்றொரு குறிப்பு கிடக்கிறது. 2018 இல் மைத்துனர் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து சனி, ஞாயிறு இரண்டு நாள் கழிக்கக் கிளம்பியபோது எழுதியது. "கோயில், பூங்கா எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் அத்தான். எங்கே சாப்பிடுவது என்பதை மட்டும் எழுதி அனுப்புங்கள்" என்றார். பேராதனை பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடி ஒரு கையால் தட்டி அனுப்பினேன்: பதினொரு கடைகள், பதினொரு வரிகள். பிறகு கொழும்பிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த நண்பர்களுக்கெல்லாம் அதுவே போனது. ஒவ்வொருவரும் ஊர் திரும்பிய பிறகு பாராட்டோ வசவோ அனுப்பினார்கள். நானும் திருத்திக்கொண்டே வந்தேன். பதினொரு பெயர்களில் இன்று எஞ்சியிருப்பவை நான்கு. குறிப்போ மூன்று மடங்கு நீண்டுவிட்டது.

முதல் அடி முதல் பயணத்திலேயே விழுந்தது. மைத்துனரோடு வந்த மாமி சுத்த சைவம். "மரக்கறிச் சாப்பாடு நன்றாக இருக்கும்" என்று நான் எழுதியிருந்த கடையில் சோறும் பருப்பும் பலாக்காய்க் கறியும் தேங்காய்ச் சம்பலும் வாங்கியிருக்கிறார்கள். மூன்றாவது கவளத்தில் மாமியின் விரலில் பழுப்பு நிறச் சிராய் ஒன்று தட்டுப்பட்டது. "இது என்ன தம்பி, மரத்தூளா?" என்று பரிமாறிய பையனைக் கேட்டார். அவன் பொய் சொல்லத் தெரியாத பையன். "மாசி அம்மா, மணத்துக்குப் போடுவது" என்றான். மாசி என்றால் காயவைத்த மீன். நுவரெலியா போய்ச் சேரும்வரை மாமி என்னோடு தொலைபேசியில் பேசவில்லை. இன்று குறிப்பின் முதல் வரி இதுதான்: மலைநாட்டில் மரக்கறி என்றால் சைவம் என்று பொருளில்லை, சம்பலில் மாசி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.

சனிக்கிழமை காலைக்கு நான் சொல்லும் இடம் மாறவே இல்லை. பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கு ஆற்றின் மறுகரையில், கன்னொருவையிலுள்ள ஹெல போஜுன். விவசாயத் திணைக்களம் நடத்துவது. சமைப்பவர்களும் விற்பவர்களும் பெண்கள். கோதுமை மாவுக்கு அங்கே இடமில்லை. குரக்கன் ரொட்டி, இலைக்கஞ்சி, லெவரியா என்று கண்ணெதிரே சுட்டும் அவித்தும் தருவார்கள். லெவரியாவைத் தெரியாதவர்களுக்கு: இடியப்பத்தைப் பிழிந்து, நடுவில் கித்துள் பாணியில் கிளறிய தேங்காய்ப்பூவை வைத்து, பாதியாக மடித்து அவிப்பது. சுடச்சுடப் பிட்டால் நூல்களுக்கிடையே பாணி கசிந்து இலையில் சொட்டும். ஆறினால் ரப்பர். அதனால்தான் குறிப்பில் "ஒன்பதரைக்கு முன்" என்று போட்டிருக்கிறேன். பூங்காவைச் சுற்றிவிட்டுப் பதினொரு மணிக்குப் போனவர்கள் எல்லோரும் என்னிடம் ரப்பரைப் பற்றித்தான் பேசினார்கள்.

மதியச் சோற்றுக்குக் கடையின் பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டேன். கண்டி நகருக்குள் நல்ல சோற்றுக் கடைகள் பத்துக்கு மேல் இருக்கின்றன. எல்லாமே பன்னிரண்டே காலுக்கு நல்லவை, இரண்டரைக்குச் சுமார். இரண்டு மணிக்குப் பிறகு பருப்பில் வெந்நீர் சேரும், கீரை கறுக்கும், பொரியலில் தூள் மட்டும் மிஞ்சும். நேரம் தவறிவிட்டால் சோற்றைத் தேடாமல் சிற்றுண்டிக்குப் போவது நல்லது.

அந்தச் சிற்றுண்டியிலும் ஒரு முறை மாட்டிக்கொண்டோம். சென்னை நண்பர் ஒருவர் ஒரு பேக்கரிக் கடையில் உட்கார்ந்ததும், கேட்காமலேயே ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், கட்லட், பட்டிஸ், மாலுபாண், கிம்புலா பணிஸ் கொண்டுவந்து வைத்தார்கள். தின்றதற்கு மட்டும் காசு, மிச்சம் திரும்பப் போகும் என்பது நமக்குத் தாய்ப்பாலோடு வந்த அறிவு. அவருக்கு யார் சொன்னார்கள்? வைத்ததை மீதம் விடக்கூடாது என்ற வளர்ப்பு வேறு. ஒன்பதையும் தின்று முடித்துவிட்டு, "உங்கள் ஊரில் ஒரு ஆள் சாப்பாடு இவ்வளவா?" என்று செய்தி அனுப்பினார். இரவுச் சாப்பாட்டுக்கு அவர் வரவில்லை.

இரவு என்றால் கொத்து ரொட்டி. தலதா வீதியிலுள்ள கண்டி முஸ்லிம் ஹோட்டலை ஏழு வருடமாக வைத்திருக்கிறேன்; பெயரில் ஹோட்டல் இருந்தாலும் அறை கிடையாது, சாப்பாட்டுக் கடைதான். பெரிய நாண், சமோசா, கொத்து மூன்றும் சொல்லத்தக்கவை. கொத்துக்கு மட்டும் ஏழு மணிக்கு மேல் போங்கள். கூட்டம் வந்தால் கல் ஆறாது என்பது ஒரு காரணம். இன்னொன்றை எனக்கு ஹட்டனில் ஒரு கொத்துக்காரர் விளக்கினார்: கல்லிலிருந்து எடுத்த ரொட்டியை அப்படியே கொத்தினால் களியாகிவிடும், இரண்டு மூன்று மணி நேரம் ஆறி ஈரம் வற்றிய ரொட்டிதான் உதிரியாக விழும். மதியம் போட்ட ரொட்டி இரவுக்குப் பதமாகிறது. அவர் இரண்டு தகடுகளையும் கல்லில் தட்டும்போது முதலில் மெதுவாக, வெங்காயமும் லீக்சும் கரட்டும் வதங்கும்வரை ஒரு தாளம். முட்டை உடைந்ததும் வேகம் கூடும். குழம்பு ஊற்றியதும் ஓசை சட்டென்று மழுங்கும். ஓசை மழுங்கிய பிறகு நான்கைந்து கொத்தோடு நிறுத்துபவர்தான் கைதேர்ந்தவர். அதற்கு மேலும் கொத்திக்கொண்டிருந்தால் எழுந்து பக்கத்துக் கடைக்குப் போய்விடுவேன்.

கொத்து வேண்டாதவர்களுக்கும் மாமி போன்றவர்களுக்கும் கண்டியில் பாலாஜி தோசை. அதைப் பற்றி இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை, எழுதவும் அதிகமில்லை.

நாள் பார்ப்பதும் குறிப்பில் பிறகுதான் சேர்ந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரத்தில் பூட்டியிருந்த ஒரு கடை வாசலில் பிரியாணிக்காக முக்கால் மணி நேரம் நின்ற நண்பர் குடும்பம் ஒன்று உண்டு. பூரணை நாளில் இறைச்சி விற்பனை இல்லை. கூட்டம் நெரியும் கண்டி எசல பெரஹரா நாட்களிலும் நுவரெலியாவின் ஏப்ரல் வசந்த காலத்திலும் சாப்பாட்டுக்காக வருகிறேன் என்று யாராவது சொன்னால் நான் குறிப்பையே அனுப்புவதில்லை. வேறு மாதம் வாருங்கள் என்றுதான் எழுதுகிறேன்.

ஞாயிறு காலை கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக மேலே ஏறும் பாதை. லபுக்கலைத் தேயிலைத் தொழிற்சாலையில் எல்லோரும் இறங்கித் தேநீரும் சாக்லேட் கேக்கும் சாப்பிடுகிறார்கள். நீங்களும் இறங்குங்கள், கீழே சரிந்து போகும் பச்சையைப் பார்த்துக்கொண்டு குடிக்கத் தகுந்த தேநீர்தான். ஆனால் மலைநாட்டுக்காரன் குடிக்கும் தேநீர் அது இல்லை. 1883 இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கிய காலத்திலிருந்து நல்ல இலை கீழே இறங்கிக் கப்பலேறுகிறது. கடைத்தெருவில் நமக்குக் கிடைப்பது டஸ்ட் என்கிற தூள். அதைத் துணிப்பையில் போட்டுக் கொதிநீரை ஊற்றி, பால்மாவும் சீனியும் சேர்த்து, இரண்டு குவளைகளுக்கிடையே ஒரு முழ நீளத்துக்கு ஆற்றித் தருவார்கள். நுரை உதட்டில் ஒட்டும். வாசம் குறைவு, உறைப்பு அதிகம், பனிக்காலைக்கு அதுதான் சரி. இலையின் வாசத்தை அறிய ஆசைப்பட்டால் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் வந்து பாலில்லாமல் குடிக்க வேண்டும். நுவரெலியாவுக்கும் திம்புளைக்கும் நல்ல இலை வரும் பருவம் அது. ஊவா பக்கம் என்றால் ஜூலை தொடக்கம் செப்டெம்பர்.

இத்தனை வருடத்தில் நான் மிகத் தாமதமாகக் கண்டுபிடித்தது உயரத்தின் சங்கதி. நுவரெலியாத் தோசையைப் பற்றி மட்டும் தொடர்ந்து முனகல் வந்தது. கடையை மாற்றினேன், முனகல் மாறவில்லை. ஒரு நாள் நியூ பஸார் வீதியில் ஒரு சைவக் கடைச் சமையல்காரரோடு பேசியபோதுதான் உறைத்தது. கண்டி கடல் மட்டத்திலிருந்து ஐந்நூறு மீட்டரளவு. நுவரெலியா 1,868 மீட்டர். அந்தக் குளிரில் மா புளிக்க மறுக்கிறது. இரவு முழுவதும் அடுப்பங்கரையில் சாக்குப் போர்த்தி வைத்தாலும் சில நாட்களில் காலையில் அசையாமல் கிடக்கும் என்றார். பருப்புக்கும் அதே கதி: தண்ணீர் அங்கே 94 பாகையளவிலேயே கொதித்துவிடுகிறது, பிரஷர் குக்கர் இல்லாத கடையில் பருப்பு நறுக்கென்று நிற்கும். அன்றே குறிப்பை மாற்றினேன். தோசை, இட்லி, அப்பம் எல்லாம் கண்டியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். மேலே போனால் ரொட்டி, பராட்டா, அன்று பிடுங்கிய மரக்கறி. லீக்சை உருளைக்கிழங்கோடு மிளகாய்த்தூள் போட்டு வதக்கிய கறி ஒன்று நுவரெலியாவில் கிடைக்கும்; கொழும்பில் அதே லீக்சை லொறிப் பயணத்துக்குப் பிறகு தின்பவர்களுக்கு அது வேறு காய் என்றே தோன்றும். இந்தத் திருத்தத்துக்குப் பிறகு முனகல் நின்றது. கடைகள் பழையவைதான்.

கொஞ்சம் செலவழிக்கலாம் என்பவர்களுக்கு கிராண்ட் ஹோட்டல் வளாகத்திலுள்ள கிராண்ட் இந்தியன். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸின் மாளிகையாக இருந்த இடத்தின் வாசலில் நாண் தின்பதில் ஒரு குறும்பு இருக்கிறது. ஹில் கிளப்பில் இரவுச் சாப்பாடு என்றால் ஆண்கள் கோட்டும் டையும் கட்ட வேண்டும். துரைமாரை நினைத்துச் சிரிக்க விரும்பினால் போகலாம், எனக்குப் பசி போய்விடும். இத்தகைய இடங்களில் பட்டியல் விலையை நம்பி எண்ணாதீர்கள். 10 வீதம் சேவைக் கட்டணம், அதற்கு மேல் 2024 ஜனவரி முதல் 18 வீத வற் வரி: 1,000 ரூபா என்று படித்தது 1,300 ரூபாவைத் தொடும். மைத்துனர் பில்லை இரண்டு முறை கூட்டிப் பார்த்தார்.

எல்லப் பக்கம் போகலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வரிதான்: காட்சிக்குப் போங்கள், சாப்பாட்டைப் பண்டாரவளையில் முடித்துக்கொண்டு போங்கள். வரைபடச் செயலியில் ஐந்துக்குக் கிட்டத்தட்ட ஐந்து நட்சத்திரம் வாங்கிய ஒரு கடையில் நாங்கள் சாப்பிட்ட கறியில் காரமும் இல்லை, புளியும் இல்லை. கீழே இருந்த பாராட்டுகளைப் பிறகு படித்தேன். காரம் இல்லை என்பதைத்தான் பாராட்டியிருந்தார்கள்.

குறிப்பு ஒரு கட்டத்தில் செத்தே போனது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பயணிகள் இல்லை, பிறகு கொரோனா, 2022 இல் எரிவாயு இல்லை. நான் எழுதி வைத்திருந்த கடைகளில் பாதி மூடிவிட்டன. சில திறந்தபோது முதலாளி வேறு, கை வேறு, பலகை மட்டும் பழையது. பெயரை நம்பி அனுப்பியவர்களிடம் அந்த வருடம் நன்றாகத் திட்டு வாங்கினேன். கடைப் பெயர்களை அடித்துவிட்டுப் பண்டத்தையும் நேரத்தையும் எழுதும் பழக்கம் அப்போது வந்ததுதான். விறகடுப்புக்குத் திரும்பிய ஒரு புசல்லாவைக் கடையின் பராட்டா அந்தப் பஞ்சத்திலும் நன்றாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எரிவாயு வந்ததும் அந்தப் புகை வாசம் போய்விட்டது.

கடைசி வரி போன வருடம் சேர்ந்தது. ஒன்பது தின்ற சென்னை நண்பர் மறுபடியும் வந்தார். திரும்பும் வழியில் தலவாக்கலையில் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்திலுள்ள என் அக்கா வீட்டில் நிறுத்தினேன். கோதுமை மாவில் பாதித் தேங்காயைத் துருவிப் போட்டு, கையாலேயே தட்டி, இரும்புத் தட்டில் சுட்ட தடித்த ரொட்டி; அம்மியில் செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் மாசியும் இடித்துத் தேசிக்காய் பிழிந்த கட்டச்சம்பல். ரொட்டியின் ஓரம் கருகி, நடு மெத்தென்று இருக்கும். நண்பருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, காரம்தான் காரணம். "இந்த இடம் ஏன் குறிப்பில் இல்லை?" என்று கேட்டார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா சுவரோரம் கிடந்த தேங்காய்களைப் பார்த்தார். அந்த வாரம் ஒரு தேங்காய் இருநூறு ரூபாவுக்கு மேல்.

"எழுது, ஆனால் நான் சொல்வதை அப்படியே எழுது" என்றார். எழுதியிருக்கிறேன்: தலவாக்கலை, மாலை நான்கு மணி, தட்டு ரொட்டியும் கட்டச்சம்பலும், முதல் நாளே தொலைபேசியில் சொல்லவும், ஆளுக்கொரு தேங்காய் கொண்டுவரவும்.