பல் கிளினிக் வயரிங்: ஒரே ஆர்சிசிபியா, தனித்தனி ஆர்சிபிஓவா?

புதுச்சேரியிலும் கடலூரிலும் தொடங்கும் பல் கிளினிக்குகள் பல, குடியிருந்த வீட்டையோ கடையையோ வாடகைக்கு எடுத்து மாற்றியவைதான். லாஸ்பேட்டையில் ஒரு வீட்டின் தரைத்தளம், மஞ்சக்குப்பத்தில் மெடிக்கல் ஷாப்புக்கு மேலே ஒரு போர்ஷன் என்று இடம் அமையும். இன்டீரியர்காரர் வருவார், டென்டல் சேர் கம்பெனிக்காரர் வருவார், கடைசியில்தான் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவார்கள். அதற்குள் ஃபால்ஸ் சீலிங்குக்கும் ரிசப்ஷன் மேசைக்கும் நிறைய பணம் போயிருக்கும். மிச்சப் பணத்தில் வயரிங்குக்கு இரண்டு கொட்டேஷன் வாங்கி, குறைந்ததை எடுப்பார்கள்.

அந்த இரண்டு கொட்டேஷன்களுக்கும் நடுவே உண்மையில் என்ன வித்தியாசம் என்பதைப் பார்ப்போம். கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபியை மொத்த கிளினிக்குக்கும் ஒன்று போடுவதா, முக்கியக் கருவிகளுக்குத் தனித்தனியாக ஆர்சிபிஓ போடுவதா என்பதே முதல் கேள்வி. என் கட்சி இதுதான்: டிபி பாக்ஸுக்குள் (கரண்ட் பல சர்க்யூட்டாகப் பிரியும் பெட்டி) போகிற காசிலும், எர்த்துக்காக மண்ணுக்குள் போகிற காசிலும் கை வைக்காதீர்கள். மற்றதில் தாராளமாகப் பேரம் பேசுங்கள்.

"வீட்டு வயரிங் நல்லாத்தானே இருக்கு, அதுலயே சேரைப் போட்டுக்கலாமே" என்று வீட்டுக்காரர் சொல்வார். சேர் ஓடும்தான். ஆனால் நம் உடம்பில் மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் உலர்ந்த தோல். வாய்க்குள் அந்தப் பாதுகாப்பு கிடையாது. எச்சிலும் தண்ணீரும் உலோகக் கருவியும் ஒன்றாக இருக்கும் இடம் அது. ஊசி போட்டு மரத்துப்போன வாயோடு சாய்ந்து படுத்திருப்பவரால் சட்டென்று விலகவும் முடியாது. அதனால்தான் கட்டட வயரிங்குக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 60364-இன் 710-ஆம் பகுதி மருத்துவ அறைகளை 0, 1, 2 என்று பிரிக்கிறது. நோயாளி மேல் மின்கருவி எதுவும் படாத அறை 0. கருவி படும், ஆனால் கரண்ட் நின்றால் உயிருக்கு ஆபத்தில்லை என்றால் 1. ஆபரேஷன் தியேட்டர், தீவிர சிகிச்சை எல்லாம் 2. சாதாரண பல் சேர் இருக்கும் அறை 1-ல் சேரும். மற்ற இடங்களில் 50 வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளப்படும் தொடு மின்னழுத்தம் (பழுதான கருவியைத் தொட்டால் உடம்பில் படும் வோல்ட்), 1-லும் 2-லும் 25 வோல்ட்தான்.

டிபி பாக்ஸ்

எம்சிபி பார்ப்பது ஓவர்லோடையும் ஷார்ட்டையும் மட்டும். ஆளுக்கு ஷாக் அடித்தால் அது அசையாது. ஆளைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி: ஃபேஸில் போன கரண்ட் முழுசாக நியூட்ரலில் திரும்புகிறதா என்று பார்த்து, குறைந்தால் கட் செய்யும். ஆர்சிபிஓ இந்த இரண்டு வேலையையும் ஒரே பொருளில் செய்வது.

குறைந்த கொட்டேஷனில் மெயினில் ஒரே ஒரு ஆர்சிசிபி, அதன் பின்னால் எம்சிபி வரிசை. கூடுதல் கொட்டேஷனில் சேருக்கு ஒன்று, ஆட்டோகிளேவுக்கு (கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் பெட்டி) ஒன்று, எக்ஸ்ரேக்கு ஒன்று என்று தனித்தனி ஆர்சிபிஓ. ஷாக்கிலிருந்து காப்பது என்று மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் மழைக்காலத்தில் தெரியும்.

ஆட்டோகிளேவின் ஹீட்டர் என்பது உலோகக் குழாய்க்குள் மெக்னீசியம் ஆக்ஸைடு பொடியில் பதித்த சுருள். அந்தப் பொடி ஈரத்தை இழுக்கும். கடலோர ஊரில், ஐப்பசி அடைமழையில், தீபாவளிக்கு நாலு நாள் கிளினிக்கைப் பூட்டிவைத்துவிட்டு வந்து ஆட்டோகிளேவைப் போட்டால், ஹீட்டர் சூடாகிக் காயும் வரை கொஞ்சம் கரண்ட் எர்த்துக்குக் கசியும். இதோடு கம்ப்யூட்டர், ஏசி, எல்இடி டிரைவர் ஒவ்வொன்றும் கசியவிடும் சிறு கரண்டும் ஒரே ஆர்சிசிபியில் கூடும். 30 என்று போட்டிருந்தாலும் 15-க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் டிரிப் ஆக அதற்கு அனுமதி உண்டு.

டிரிப் ஆனதும் மொத்த கிளினிக்கும் நின்றுபோகும். உள்ளே டாக்டர் ரூட் கெனால் செய்துகொண்டிருப்பார், பல்லுக்குள் ஃபைல் என்ற மெல்லிய ஊசி இருக்கும்; சேர் லைட் அணைந்து, சக்‌ஷன் நின்று, நோயாளியின் வாயில் தண்ணீர் சேர ஆரம்பிக்கும். தனி ஆர்சிபிஓ இருந்தால் ஆட்டோகிளேவ் மட்டும் நிற்கும், சேரில் வேலை தொடரும். அப்புறம் எலக்ட்ரீஷியனுக்கு நிதானமாகப் போன் போடலாம்.

இதைவிடப் பெரிய ஆபத்து அதற்குப் பிறகு வருவது. நாலு தடவை இப்படி நின்றால் "இந்த ஆர்சிசிபியே தொல்லை" என்று யாரோ ஒருவர் அதை பைபாஸ் செய்துவிடுவார். பாக்ஸைத் திறந்தால் ஆர்சிசிபி தன் இடத்தில் அழகாக இருக்கும், வயர் மட்டும் அதைச் சுற்றி நேராகப் போகும். கிளினிக்குகளில் இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அங்கே வேலை பார்க்கும் டாக்டருக்கோ உதவிக்கு நிற்கும் பெண்ணுக்கோ அது தெரியவே தெரியாது. ஒரே ஆர்சிசிபியை நான் எதிர்ப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

விலை? ஒரு ஆர்சிபிஓ காசில் எம்சிபி பல வாங்கலாம், உண்மைதான். எல்லாவற்றுக்கும் ஆர்சிபிஓ போட முடியாவிட்டால், சேர், ஆட்டோகிளேவ், எக்ஸ்ரே மூன்றுக்கும் ஆர்சிபிஓ, லைட் ஃபேன் ஏசிக்குத் தனியாக ஓர் ஆர்சிசிபி என்று பிரித்துக்கொள்ளலாம். எனக்கு இது சம்மதமே.

வாங்கும்போது முகப்பில் போட்டிருக்கும் குறியைப் பாருங்கள். கட்டத்துக்குள் ஒரு அலை மட்டும் இருந்தால் ஏசி டைப் (ஏர் கண்டிஷனருக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை). அலைக்குக் கீழே பாதி மேடுகளும் இருந்தால் ஏ டைப். இன்வெர்ட்டர் ஏசியும் எலக்ட்ரானிக் கருவிகளும் இருக்கும் இடத்தில் கசிவு சுத்தமான அலையாக வராது. ஏசி டைப் அதைக் கவனிக்காமல் விட்டுவிடக்கூடும். 710-ஆம் பகுதியும் மருத்துவ அறைக்கு ஏ, பி டைப்களை மட்டுமே கேட்கிறது. கடையில் கேட்காமல் வாங்கினால் ஏசி டைப்பைக் கொடுத்துவிடுவார்கள்.

"ஆர்சிபிஓ இந்த வீட்டுக்குச் சரிப்படாது சார், போட்டதும் விழுது" என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. பழைய வீடுகளில் இரண்டு மூன்று சர்க்யூட்டின் நியூட்ரலை ஒரே ஜங்ஷன் பாக்ஸில் சேர்த்து முறுக்கியிருப்பார்கள், இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலும் அதிலேயே இருக்கும். போன கரண்ட் வேறு சர்க்யூட்டின் நியூட்ரலில் திரும்புவதால், அங்கே ஆர்சிபிஓ நிற்காது. சேர் அறைகளுக்கு டிபியிலிருந்தே புது ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் இழுத்துத்தான் ஆக வேண்டும். இந்தக் கூலியைக் கொட்டேஷனில் முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எர்த்: கரி உப்பா, கெமிக்கலா?

பழைய முறையில் இரண்டரை மீட்டர் ஜிஐ பைப்பைப் புதைத்து, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்குவார்கள். கெமிக்கல் எர்த்தில் செம்பு பூசிய ராடும் ஈரம் பிடிக்கும் மாவும். உப்பு, போட்ட புதிதில் நல்ல ரீடிங் தரும். மணல் தரையில் இரண்டு மழைக்காலத்தில் அது கரைந்து கீழே போய்விடும், போகிற போக்கில் பைப்பையும் அரித்துவிடும். தேவனாம்பட்டினம் மாதிரிக் கடலை ஒட்டிய இடத்தில் காற்றும் தன் பங்குக்கு கிளாம்பைத் தின்னும். அதனால் கடற்கரைப் பக்கம் என்றால் செம்பு பூசிய ராடுக்குத்தான் என் ஓட்டு. கோரிமேட்டுச் செம்மண் மேட்டில் கரி உப்பும் ஓடும், ஆனால் கோடையில் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும்; வாடகைக் கட்டடத்தில் யார் ஊற்றுவார்கள்?

எதைப் போட்டாலும் கார்த்திகையில் எடுத்த ரீடிங்கை நம்பாதீர்கள். அப்போது மண்ணே நனைந்திருக்கும். சித்திரை வைகாசியில் எர்த் டெஸ்டர் வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 25 வோல்ட்டை 30 மில்லி ஆம்பியரால் வகுத்தால் சுமார் 833 ஓம். எர்த்தின் தடை அதுவரை போகலாம், அதாவது எர்த் சுமாராக இருந்தாலும் ஆர்சிபிஓ தன் வேலையைச் செய்துவிடும். அதனால் ராடுக்குச் செலவழித்துவிட்டு, உள்ளே சேர் வரை எர்த் வயர் போகிறதா என்று பார்க்காமல் விடுவதுதான் பெரிய குறை. சேரின் உலோகச் சட்டம், எக்ஸ்ரே கை, பக்கத்தில் உலோகக் குழாய் இருந்தால் அதுவும், நோயாளியிலிருந்து ஒன்றரை மீட்டருக்குள் இருக்கும் எல்லாம் பச்சை வயரால் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தி "வேலை செய்யுது" என்று காட்டுவார்கள். அந்தப் பட்டன் சோதிப்பது உள்ளே இருக்கும் இயந்திரத்தை மட்டும்; எர்த் வயரே இல்லாவிட்டாலும் அது டிரிப் ஆகும். சேரின் பிளக் முனையில் ஆர்சிசிபி டெஸ்டர் (எர்த் வயர் வழியாகச் சிறு கசிவை உண்டாக்கி, டிரிப் ஆகிறதா என்று பார்க்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பேட்டரி

முழு கிளினிக்குக்கும் பெரிய ஆன்லைன் யுபிஎஸ் விற்க வருபவர்கள் உண்டு. ஒரு சேர், இரண்டு சேர் கிளினிக்குக்கு அது வீண் செலவு. சேருக்கும் லைட்டுக்கும் சைன் வேவ் இன்வெர்ட்டர் போதும், மாறுகிற சில மில்லி செகண்டில் டாக்டருக்கு ஒன்றும் ஆகாது. கம்ப்யூட்டருக்குச் சின்ன யுபிஎஸ். சேருக்குக் காற்று தரும் கம்ப்ரஷர் ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு கரண்ட் இழுக்கும், அதையும் ஆட்டோகிளேவையும் ஜெனரேட்டரில் விடுங்கள். கம்ப்ரஷர் டேங்கில் மிச்சமிருக்கும் காற்று, கையில் இருக்கும் வேலையைப் பாதுகாப்பாக நிறுத்த உதவும், அவ்வளவுதான்.

ஒன்றே ஒன்று: சில இன்வெர்ட்டர்கள் பேட்டரியில் ஓடும்போது வெளி நியூட்ரலையும் துண்டித்துவிடும். அப்போது எர்த்தோடு தொடர்பு அறுந்து, கசிவு இருந்தும் ஆர்சிபிஓ டிரிப் ஆகாமல் போகலாம். மெயினை ஆஃப் செய்துவிட்டு, பேட்டரியிலும் சேரின் பிளக் முனையில் அதே டெஸ்டர் சோதனையைச் செய்து பாருங்கள்.

ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டுமா?

எர்த்தோடு தொடர்பில்லாமல் தனியாகக் கரண்ட் தரும் இந்த டிரான்ஸ்ஃபார்மர் பல் கிளினிக்குக்கு வேண்டாம். மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்யும் சிறிய மருத்துவமனைக்குக் கட்டாயம் வேண்டும். அங்கே முதல் கசிவிலேயே கரண்ட் நின்றுவிடக் கூடாது; டிரான்ஸ்ஃபார்மரோடு வரும் மானிட்டர் அலாரம் அடிக்கும், ஆபரேஷன் தொடரும். தியேட்டர் லைட்டும் அரை விநாடிக்குள் திரும்ப எரிய வேண்டும். பல் கிளினிக்கை வயரிங் செய்த அதே ஆளிடம் இதையும் கொடுத்துவிடாதீர்கள்.

மற்றவை

வயரில் ஹெச்எஃப்எஃப்ஆர் (ஹாலஜன் இல்லாத, தீ எளிதில் பரவாத உறை கொண்டது) எடுங்கள். சாதாரண பிவிசி எரிந்தால் வரும் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும், மூடிய ஏசி அறையில் அது நல்லதல்ல. ஒயிட் டவுன் மாதிரிப் பழைய சுண்ணாம்புச் சுவரில் உடைத்து கன்சீல்டு செய்வதைவிட வெளியே பைப் ஓட்டுவதே மேல். சுவரும் பிழைக்கும், ஈரமும் பாக்ஸில் இறங்காது. த்ரீ ஃபேஸ் எடுத்தால் லோடு பிரியும், ஆனால் துருப்பிடித்த ஒரு நியூட்ரல் இணைப்பு அறுந்தால் 230 வோல்ட் கருவிக்கு 400 வரை போகும். ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப் இல்லாமல் த்ரீ ஃபேஸ் வேண்டாம்.

தரைத்தளம் என்றால் வெள்ளத்தையும் கணக்கில் எடுங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அடுத்த சில நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீரோடு தென்பெண்ணை பெருகி கடலூரைச் சூழ்ந்தது. சேருக்குப் போகும் வயரை டிபியிலிருந்து தரை வழியாகவே கொண்டுபோவது மலிவு. சுவரின் மேல்பக்கமாகக் கொண்டுவந்து கடைசி ஒரு மீட்டர் மட்டும் தரையில் இறக்கினால் கொஞ்சம் கூடும், பைப்பில் தண்ணீர் நிற்கும் நீளம் மிகவும் குறையும். சேருக்கு அடியில் இருக்கும் பெட்டியில் தண்ணீர் டியூபும் கரண்டும் அடுத்தடுத்து வருவதால், கரண்ட் இணைப்பைத் தரைமட்டத்திலிருந்து உயர்த்தியே வைக்கச் சொல்லுங்கள். கம்ப்ரஷரை மாடிப்படிக்கு அடியில் வைப்பதா, மொட்டை மாடியில் ஷெட் போட்டு வைப்பதா என்று கேட்டால், காற்றுக் குழாய் நீளம் கூடினாலும் மாடிதான். அதை ஆஃப் செய்யும் ஐசோலேட்டர் சுவிட்சை மட்டும் கம்ப்ரஷர் பக்கத்திலேயே, மழை படாத பாக்ஸில் வையுங்கள்.