வெளிநாட்டில் குடும்பத்தோடு இருப்பவர்களுக்குப் பொறுப்புக் காப்பீடு: எந்த வழி நல்லது?

வெளிநாட்டில் குடியேறும் குடும்பங்கள் மருத்துவக் காப்பீட்டையும் கார் காப்பீட்டையும் வந்தவுடன் எடுத்துவிடுகின்றன. நம்மால் அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்தை ஈடுகட்டும் பொறுப்புக் காப்பீடுதான் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போகிறது. ஜப்பானில் 2008-இல் ஒரு சம்பவம் நடந்தது. இரவில் சைக்கிளில் வந்த 11 வயதுச் சிறுவன், நடந்து போய்க்கொண்டிருந்த 62 வயதுப் பெண்மணி மீது மோதிவிட்டான். தலையில் பட்ட அடியில் அவர் நினைவிழந்தார். சிறுவனின் தாய் சுமார் 9.5 கோடி யென் நஷ்டஈடு தர வேண்டும் என்று 2013-இல் கோபே மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு சைக்கிள் மோதியதற்கு இவ்வளவு.

சரி, எந்த வழியில் எடுப்பது? தனியாக ஒரு பாலிசி, வீட்டுக் காப்பீட்டோடு சேர்ந்து வருவது, பயணக் காப்பீட்டில் இருப்பது என்று முக்கியமாக மூன்று வழிகள் உண்டு.

தனி பாலிசி ஜெர்மனி, நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளில் வழக்கம். ஜெர்மன் சட்டப்படி நம் கவனக்குறைவால் நேர்ந்த சேதத்துக்கு உச்சவரம்பு இல்லை. சேமிப்பு, சம்பளம் எல்லாவற்றின் மேலும் கை வைக்கலாம். அதனால் அங்கே கோடி யூரோ, அதற்கு மேலும் கூட வரம்பு வைத்த பாலிசிகள் சாதாரணம். இன்னொரு பெரிய பலன், யாராவது நியாயமில்லாமல் பணம் கேட்டால் அதை எதிர்த்து வாதாடும் வேலையையும் செலவையும் நிறுவனமே ஏற்கும். மொழி தெரியாத ஊரில் இது சின்ன விஷயமில்லை.

ஆனால் பாலிசி எடுத்தாலும் பிள்ளைகள் விஷயத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஐந்து வயதுக் குழந்தை காலால் தள்ளும் விளையாட்டு ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே போய், பக்கத்து வீட்டுக்காரர் காரில் நீளமாக ஒரு கீறல் போட்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் 7 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குச் சட்டப் பொறுப்பே கிடையாது. பெற்றோர் சரியாகக் கவனித்திருந்தால் அவர்களுக்கும் இல்லை. எனவே காப்பீட்டு நிறுவனம் "யாரும் பொறுப்பில்லை" என்று கிளைமை மறுத்துவிடும். சட்டப்படி அது சரிதான். ஆனால் அந்தப் பக்கத்து வீட்டுக்காரரைத் தினமும் படியில் பார்க்க வேண்டியவர்கள் நாம். இதற்கென்றே, பொறுப்பேற்க முடியாத வயதுக் குழந்தைகள் செய்யும் சேதத்தையும் ஈடுகட்டும் விதி பல பாலிசிகளில் உண்டு. சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் பிரீமியத்தைப் பார்ப்பதற்கு முன் இந்த விதியைத் தேட வேண்டும் என்பேன். அப்புறம் சாவி. அடுக்குமாடிக் கட்டடத்தின் பொதுச் சாவி தொலைந்தால் எல்லாப் பூட்டுகளையும் மாற்றும் செலவு நம் தலையில் விழலாம். அது பாலிசியில் அடங்குமா என்றும் பாருங்கள்.

பிரான்ஸில் நிலைமை வேறு. அங்கே வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக் காப்பீடு எடுப்பது சட்டப்படி கட்டாயம். பொதுவாக எடுக்கும் முழு வீட்டுக் காப்பீட்டிலேயே குடும்பத்தின் பொறுப்புக் காப்பீடும் வந்துவிடும். கூடவே வசிக்கும் பிள்ளை செய்ததற்குப் பெற்றோர்தான் பொறுப்பு; "நான் ஒழுங்காகக் கவனித்தேன்" என்ற வாதம் எடுபடாது. பள்ளிச் சுற்றுலாவுக்குக் கூட காப்பீட்டுச் சான்றிதழ் கேட்பார்கள். தனியாக இன்னொன்று வாங்குவதற்கு முன் கையில் இருக்கும் பாலிசியைப் படித்துப் பாருங்கள். இரண்டு எடுத்தாலும் ஒரே சேதத்துக்கு இரட்டிப்புப் பணம் வராது. ஜப்பானிலும் இதே கதைதான்: கார் அல்லது தீ காப்பீட்டோடு இணைப்பாக ஒருவர் எடுத்தாலே பெரும்பாலும் குடும்பம் முழுவதற்கும் செல்லும்.

அமெரிக்காவில் வாடகைதாரர் காப்பீட்டில் பொறுப்பு வரம்பு பெரும்பாலும் 1,00,000 டாலரில் தொடங்கும். அங்கே வழக்கில் கேட்கப்படும் நஷ்டஈட்டுக்கு அது போதாமல் போகலாம். அந்த வரம்பு தீர்ந்தபின் கைகொடுக்கும் 'அம்ப்ரெல்லா' பாலிசியை அதற்கு மேலே 10 லட்சம் டாலருக்கு எடுக்கலாம். ஆனால் அதைத் தருவதற்கு முன், கீழே உள்ள வீட்டு, கார் காப்பீடுகளின் வரம்பை உயர்த்தச் சொல்வார்கள். அந்தக் கூடுதல் பிரீமியத்தையும் சேர்த்துத்தான் விலையை ஒப்பிட வேண்டும்.

பயணக் காப்பீட்டை நம்பிக் குடும்பம் நடத்த வேண்டாம். அது குறுகிய காலப் பயணத்துக்கானது. நிரந்தரமாகக் குடியேறியவர்களுக்குப் பெரும்பாலும் செல்லாது.

தனி பாலிசி கிடைக்கும் நாடானால் என் ஓட்டு அதற்குத்தான். வீடு மாறினாலும் அது நம்மோடு வரும். வீட்டுக் காப்பீட்டில் அடங்கியது என்றால், வாடகை வீட்டையே நாம் சேதப்படுத்தினால் செல்லுமா, நாட்டுக்கு வெளியே எத்தனை மாதம் செல்லும் என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நாய் வளர்ப்பவர்கள் மூன்றாவதாக அதையும் கேட்க வேண்டும்: ஜெர்மனியில் நாய்க்குத் தனி பாலிசி தேவை, பெர்லின், ஹாம்பர்க் போன்ற மாநிலங்களில் அது கட்டாயமும் கூட.