தோட்டத்துப் பெண்ணுக்கு எது பயன்படும்: தனி ஆணையமா, மனித உரிமை ஆணையமான சுஹாகாமா, தொழிலாளர் இலாகாவா?

பாலினச் சமத்துவத்துக்கென்று மலேசியாவில் ஒரு தேசிய ஆணையம் வேண்டுமா, இருக்கும் அமைப்புகளையே வலுப்படுத்தினால் போதாதா என்ற கேள்விக்குப் பேராக் மாநிலத்தின் தோட்டப் பகுதியான சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு விடை தேடும்போது, தலைநகரில் பேசப்படாத சில விஷயங்கள் முன்னுக்கு வருகின்றன. என் அம்மா பல ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்த பிறகு மருந்தடிக்கும் கூட்டத்தில் சேர்க்கப்பட்டார். மண்டோரின் (மேற்பார்வையாளரின்) தகாத பேச்சு, கர்ப்ப காலத்திலும் முதுகை விட்டு இறங்காத மருந்துப் பம்பு என்று சொல்வதற்கு எவ்வளவோ இருந்தும், அவர் ஒரு நாளும் யாரிடமும் புகார் கொடுத்ததில்லை. நாங்கள் குடியிருந்த லயத்து வீடு நிர்வாகத்துக்குச் சொந்தமானது. வேலை போனால் வீடும் போகும் என்பது சிறு பிள்ளைகளான எங்களுக்கும் தெரிந்திருந்தது. ஆகவே, எந்த அமைப்பைப் பற்றிப் பேசினாலும், ஒரு பெண் தன் பெயரைக் கொடுத்துப் புகார் செய்யாமலேயே அது தோட்டத்துக்குள் வருமா என்பதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன்.

இந்த அளவுகோலில் முதலில் நிற்பது தொழிலாளர் இலாகா. அதன் அதிகாரிகள் முன்னறிவிப்பு இல்லாமல் வேலையிடத்துக்குள் நுழையலாம். 2023 ஜனவரி 1ஆம் தேதி அமலுக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தம் மகப்பேறு விடுப்பை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்த்தியதோடு, வேலையிடப் பாகுபாடு குறித்த தகராற்றை விசாரித்து உத்தரவிடும் அதிகாரத்தையும் தலைமை இயக்குநருக்குக் கொடுத்தது. உத்தரவை மீறும் முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. பல்லுள்ள சட்டம்தான். ஆனால் பாகுபாடு என்றால் என்னவென்று அச்சட்டம் வரையறுக்கவில்லை. மேலும், தகராறு என்று ஒன்று எழ வேண்டுமானால் யாரேனும் ஒருவர் எழுந்து நின்று பேச வேண்டும். தானாக உள்ளே வரும் அதிகாரி செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டையும் சம்பளச் சீட்டையும் குடியிருப்பையும் பார்ப்பார். மருந்தடிப்பவர்கள் எல்லாரும் பெண்களாகவும் மண்டோர்கள் எல்லாரும் ஆண்களாகவும் இருப்பது ஏன் என்று கேட்பது அவருடைய வேலையில் அடங்காது.

பாலியல் தொல்லைக்கு எதிரான நடுவர் மன்றம் 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்து, 2024 மார்ச்சில் செயல்படத் தொடங்கியது. வழக்கறிஞர் தேவையில்லை, விசாரணை மூடிய அறையில் நடக்கும், 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு கிடைக்கும். தொல்லைக்கு ஆளான ஒருத்திக்கு இதைவிட நல்ல வழி நாட்டில் இதற்குமுன் இருந்ததில்லை என்றே நினைக்கிறேன். ஆயினும் அது தனி வழக்குக்கான இடம். ஒரு தோட்டத்தின் நடைமுறையை மாற்றும் பொறுப்பு அதற்கு இல்லை. மகளிர் அமைச்சைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நலத் திட்டங்களுக்கு அது தேவை. ஆனால் அரசாங்கத்தின் ஓர் அங்கமே அரசாங்கத்தைக் கண்காணிக்க முடியாது.

உண்மையான போட்டி சுஹாகாமுக்கும் தனி ஆணையத்துக்கும் இடையில்தான். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான மலேசிய மனித உரிமை ஆணையமாகிய சுஹாகாம், புகார் வந்தாலும் வராவிட்டாலும் தானே விசாரணை தொடங்கலாம், சாட்சிகளை அழைக்கலாம். பூர்வகுடி மக்களின் நில உரிமை குறித்து அது நடத்திய தேசிய விசாரணை, தீபகற்பம், சபா, சரவாக் எங்கும் மக்களைத் தேடிச் சென்று கேட்டு, 2013இல் 18 பரிந்துரைகளுடன் அறிக்கையானது. அதுபோன்ற ஒரு விசாரணை செம்பனைத் தோட்டத்துப் பெண்களைப் பற்றி நடந்தால், ஒருத்தி தனியாகக் குறிவைக்கப்பட மாட்டாள். இதனால்தான் சுஹாகாமுக்குள் ஒரு பாலினப் பிரிவு போதும் என்பவர்களை நான் எளிதில் ஒதுக்குவதில்லை. குறை எங்கே என்றால், நீதிமன்றத்தில் இருக்கும் விவகாரத்தை அது தொட முடியாது. பரிந்துரைப்பதற்கு மேல் எதையும் செய்ய வைக்க முடியாது. தடுப்புக்காவல் மரணம், அகதிகள், பூர்வகுடி நிலம் என்று வரிசைகட்டி நிற்கும் பணிகளுக்கு நடுவே தோட்டத்துப் பெண்ணின் முறை எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பிரிட்டன் இதற்குப் பாடமாக இருக்கிறது. அங்கு 1975இல் தோன்றிய சம வாய்ப்பு ஆணையம், 2007இல் இன, ஊனமுற்றோர் ஆணையங்களோடு இணைக்கப்பட்டது. ஒருவருக்கு ஒரே நேரத்தில் பல பாகுபாடுகள் நேர்வதால் ஒரே வாசல் நல்லது என்ற வாதம் சரியானதே. இந்தியராகவும் பெண்ணாகவும் தொழிலாளியாகவும் இருப்பவருக்கு அது நன்றாகவே புரியும். ஆனால் ஒரு தனி அமைப்பு முப்பதாண்டுக்கும் மேலாக வேலை செய்து வேரூன்றிய பிறகு நடந்த இணைப்பு அது. நம்மிடம் அந்த முதல் படியே இல்லை.

தனி ஆணையம் என்றாலும் எல்லாம் ஒன்றல்ல. இந்தியாவின் தேசிய மகளிர் ஆணையம் 1992இல் அமைந்தது. தானாக முன்வந்து விசாரிக்கவும், உரிமையியல் நீதிமன்றத்தைப் போல ஆட்களை வரவழைக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. ஆனால் உறுப்பினர்களை நியமிப்பது மத்திய அரசு, முடிவில் வருவதும் பரிந்துரையே. தென்னாப்பிரிக்காவின் பாலினச் சமத்துவ ஆணையமோ அரசியலமைப்பிலேயே இடம்பெற்று, நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்கிறது. அரசு அமைப்புகளோடு தனியார் நிறுவனங்களின் நடைமுறைகளையும் கண்காணிப்பது அதன் சட்டபூர்வமான கடமை.

அந்தத் தனியார் என்ற சொல்தான் எங்களுக்கு முக்கியம். நம் அரசியலமைப்பின் 8(2)ஆவது விதியில் 2001இல் பால் என்ற சொல் சேர்க்கப்பட்டது. ஆனாலும், கர்ப்பமானதால் வேலையிழந்த விமானப் பணிப்பெண் பியாட்ரிஸ் பெர்னாண்டஸின் வழக்கில், அரசியலமைப்புப் பாதுகாப்பு தனியார் முதலாளிக்கு எதிராகச் செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2005இல் கூறிவிட்டது. அவரைப் போலவே கர்ப்பத்தின் காரணமாகத் தற்காலிக ஆசிரியர் பணி மறுக்கப்பட்ட நூர்ஃபாடில்லா 2011இல் உயர் நீதிமன்றத்தில் வென்றார். அங்கே எதிர்த்தரப்பு அரசாங்கம். தோட்டங்களை நடத்துபவை நிறுவனங்கள். எனவே எங்கள் பெண்கள் முதல் வழக்கின் பக்கம்தான் நிற்கிறார்கள்.

பாராகுவாட் களைக்கொல்லியின் கதையையும் இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். 2002இல் தடை அறிவிக்கப்பட்டது. 2006இல் அது தளர்த்தப்பட்டது. முழுத்தடை 2020 ஜனவரியில்தான் வந்தது. மருந்தடிக்கும் பெண்களின் உடல்நலக் கேட்டை விடாமல் எடுத்துச் சொன்னவர்களில் முன்னின்றது ஐரீன் பெர்னாண்டஸின் தெனாகானித்தா என்ற தன்னார்வ அமைப்பு. ஒரு தேசிய ஆணையம் செய்திருக்க வேண்டிய வேலை அது. ஆவணங்களைக் கேட்டு வாங்கும் அதிகாரத்தோடு அதைச் செய்திருந்தால், அந்தப் பதினெட்டு ஆண்டுகள் குறைந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே என் தெரிவு தென்னாப்பிரிக்க வடிவிலான தனி ஆணையம். அது வரும்வரை சுஹாகாம் தோட்டங்களைப் பற்றி ஒரு தேசிய விசாரணை நடத்த வேண்டும். மகளிர் அமைப்புகள் நெடுநாளாகக் கேட்டுவரும் பாலினச் சமத்துவச் சட்டம் எழுதப்படும்போது, அதில் இரண்டு விதிகள் கட்டாயம் இருக்க வேண்டும்: புகார்தாரரின் பெயர் இல்லாமலே ஆணையம் ஒரு தோட்டத்துக்குள் சென்று விசாரிக்கலாம் என்பது ஒன்று, விசாரணை நடக்கும் காலத்தில் அத்தோட்டத்தில் யாரையும் லயத்து வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது என்பது மற்றொன்று.