ஆக்சிஜன் போதுமா, பைபேப்பும் வேண்டுமா? முதிய சி.ஓ.பி.டி. நோயாளிக்கான வீட்டுச் சிகிச்சை

நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் (சி.ஓ.பி.டி.) முற்றி, சுவாசச் செயலிழப்புடன் மருத்துவமனையில் சேர்ந்து தேறிய முதியவரை வீட்டுக்கு அழைத்துச் செல்லும் நாளில், ஆக்சிஜன் இயந்திரம் வாங்க வேண்டுமா என்றுதான் குடும்பத்தார் முதலில் கேட்கிறார்கள். அவருடைய இரத்தத்தில் ஆக்சிஜன் மட்டும் குறைந்திருக்கிறதா, கரியமில வாயுவும் சேர்ந்து தேங்குகிறதா என்று தெரியாமல் இதற்கு விடை சொல்ல முடியாது. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் முதலாவதைத்தான் காட்டும். இரண்டாவதை அறியத் தமனி இரத்தத்தில் வாயுப் பரிசோதனை செய்ய வேண்டும்.

ஆக்சிஜன் மட்டும் குறைந்தவருக்கு, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டரே போதும். 1981-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், நாளுக்குக் குறைந்தது 15 மணி நேரம் ஆக்சிஜன் பெற்ற 42 பேரில் 5 ஆண்டுகளுக்குள் 19 பேர் இறந்தனர். பெறாத 45 பேரில் 30 பேர் இறந்தனர். அவர்கள் அனைவரும் 70 வயதுக்குக் குறைந்தவர்கள் என்பதால், 80 வயதுக்காரருக்கும் அதே அளவு பலன் கிடைக்கும் என்று நான் உறுதி கூறமாட்டேன். ஓய்வில் இருக்கும்போதே தமனி ஆக்சிஜன் அழுத்தம் 55 மி.மீ. பாதரசம் அல்லது அதற்குக் கீழே இருப்பவருக்கே இது தெளிவாகப் பொருந்தும். மிதமான குறைவு உள்ளவர்களின் ஆயுளை ஆக்சிஜன் நீட்டவில்லை என்று 2016-இல் அமெரிக்க ஆய்வு காட்டியது. 24 மணி நேரமும் தருவது 15 மணி நேரத்தைவிட மேலானதன்று என்று 2024-இல் சுவீடன் ஆய்வு காட்டியது. குழாயின்றித் திண்ணையில் சற்று உட்கார விரும்பும் முதியவருக்கு இது உண்மையிலேயே ஆறுதலான செய்தி.

கரியமில வாயு தேங்குபவரின் நிலை வேறு. மூச்சுத் தசைகள் சோர்ந்துபோன அவருக்கு, இரவில் மாஸ்க் வழியே அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தும் பைபேப் துணையாகிறது. 2017-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு, தீவிர நிலை தணிந்து 2 முதல் 4 வாரங்களுக்குப் பிறகும் அந்த வாயுவின் அழுத்தம் 53 மி.மீ.க்கு மேல் நீடித்தவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டது; ஏனெனில் பலருக்கு அது தானாகவே இறங்கிவிடும். ஓராண்டுக்குள் மீண்டும் மருத்துவமனையில் சேரும் அல்லது இறக்கும் வாய்ப்பு, ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களில் 80.4 சதவீதமாகவும், பைபேப்பும் சேர்த்துப் பெற்றவர்களில் 63.4 சதவீதமாகவும் இருந்தது. இறப்பை மட்டும் தனியே பார்த்தால் பெரிய வேறுபாடு இல்லை. மருத்துவமனைக்குத் திரும்பும் நாள் தள்ளிப்போனதே இதில் கிடைத்த பலன்.

மூக்குத் தண்டில் புண், வறண்ட வாய், கலையும் தூக்கம் ஆகியவை இதற்குக் கொடுக்கும் விலை. மூட்டுவாதத்தால் விரல் மடங்காதவருக்கும் நினைவு தடுமாறுபவருக்கும் இரவில் மாஸ்க்கைக் கட்டிவிட ஆள் இல்லையென்றால், எவ்வளவு நல்ல இயந்திரமும் அலமாரியில்தான் கிடக்கும்.

கரியமில வாயு தேங்கும் இயல்புள்ளவருக்கு ஆக்ஸிமீட்டர் காட்டும் ஆக்சிஜன் செறிவு 88 முதல் 92 சதவீதம் வரை இருந்தால் போதும். 90 என்று கண்டு பதறி வீட்டார் ஆக்சிஜன் அளவைக் கூட்டினால், கரியமில வாயு மேலும் தேங்கி, அவர் காலையில் தலைவலியோடு எழுவதும், பகலெல்லாம் மயங்கிக் கிடப்பதும், பேச்சுக் குழறுவதும் நேரலாம். அப்போது ஆக்சிஜனை இன்னும் ஏற்றாமலும் ஒரேயடியாக நிறுத்தாமலும், 88–92 என்ற அளவுக்குள் வரும்படி குறைத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.