ஓய்வுகாலப் பணம்: ஊர் வங்கியின் நிலையான வைப்பா, அமெரிக்கச் சுட்டி அன்யூட்டியா?

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் கிளிநொச்சியிலும் மல்லாவியிலும் உள்ள பெற்றோருடன் ஓய்வுகாலக் கணக்குப் பேசும்போது, பங்குச் சுட்டியுடன் இணைந்த அன்யூட்டி என்னும் அந்நாட்டுக் காப்புறுதித் திட்டமும் (காப்புறுதிக் கம்பனியிடம் பணத்தைப் போட்டு, பின்னர் ஓய்வுகால வருமானமாகப் பெறும் ஒப்பந்தம்) பேச்சில் வருவதுண்டு. சந்தை விழுந்தாலும் போட்ட முதல் விழாது என்பதே அதன் கவர்ச்சி. அது பொய்யன்று, ஆனால் முழுமையுமன்று.

இத்திட்டத்தில் பணம் நேரடியாகப் பங்குகளில் இடப்படுவதில்லை. எஸ் அன்ட் பி 500 (அமெரிக்காவின் பெரிய கம்பனிகளின் பங்கு விலைப் போக்கைக் காட்டும் எண்) போன்றதொரு சுட்டியின் ஏற்றத்தைப் பார்த்துக் கம்பனி வட்டி சேர்க்கும். ஓராண்டில் சேரும் வட்டியின் உச்சவரம்பு 6 சதவீதம் என வைத்துக்கொண்டால், சுட்டி 12 சதவீதம் ஏறிய ஆண்டிலும் கிடைப்பது 6 மட்டுமே. 15 சதவீதம் விழுந்த ஆண்டில் சேர்வது பூச்சியம். பங்கிலாபம் பெரும்பாலும் கணக்கில் வராது. அந்த உச்சவரம்பையும், ஒப்பந்தம் குறிக்கும் அடிமட்டத்துக்குக் கீழே போகாதவரை, கம்பனி காலத்துக்குக் காலம் மாற்றலாம். ஆரம்ப ஆண்டுகளில், பல ஒப்பந்தங்களில் ஏழு முதல் பத்து ஆண்டுகள் வரை, முழுப் பணத்தையும் மீளப்பெற்றால் கட்டணம் வெட்டப்படும். அப்போது போட்ட முதலும் குறையக்கூடும். அங்கு வரி செலுத்துபவர் 59½ வயதுக்கு முன் எடுத்தால், இலாபத்தின் மீது வருமான வரியுடன் பொதுவாக மேலும் 10 சதவீதம் கட்ட வேண்டும்.

நிலையான வைப்பை இடையில் முறித்தால் வட்டி குறையுமே தவிர முதல் குறையாது. முறிக்காமல் அதையே பிணையாக வைத்துக் கடனும் எடுக்கலாம். காலபோக விதைப்புக்கு உழவுகூலியும் விதைநெல்லும் பசளையும் அடுத்தடுத்துப் பணம் கேட்கும் குடும்பத்துக்கு, ஓரிரு சதவீதம் கூடுதலான வட்டியை விட இந்த வசதி பெரிது என்பது என் கணிப்பு. இலங்கையில் ஒரு வங்கியில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரையே வைப்புக் காப்புறுதி உண்டு என்பதால், பெரிய தொகையை இரண்டு வங்கிகளில் பிரித்து வைப்பது நல்லது.

வைப்பின் உண்மையான எதிரி பணவீக்கம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி அது 69.8 சதவீதத்தைத் தொட்டபோது எந்த வைப்பு வட்டியும் ஈடுகொடுக்கவில்லை. அதே ஆண்டு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியதால், அன்யூட்டி வைத்திருந்தவர் ரூபாக் கணக்கில் தப்பினார். ஆனால் அந்தப் பெருமை டொலருக்கு உரியது. வெறும் டொலர் சேமிப்புக் கணக்கும் அதையே செய்திருக்கும்.

மாதச் சம்பளக்காரருக்கு இந்த இரண்டுக்கும் முன்னர் ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது. ஊழியரின் 8 சதவீதத்துக்கு மேல் தொழில்தருநர் 12 சதவீதம் போடுவதால், வேறெந்தத் திட்டமும் அதற்குக் கிட்ட வராது. கடையிலோ ஆலையிலோ வேலை செய்பவர் தமது அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டு வாங்கி, பணம் உண்மையில் கட்டப்படுகிறதா எனப் பார்க்க வேண்டும். கமக்காரருக்கென 1987 முதல் தனி ஓய்வூதியச் சட்டம் உள்ளது. கிடைக்கும் தொகை சிறிது.

ஆகவே அறுபதைத் தாண்டிய பெற்றோரின் பணம் ஊர் வங்கியிலேயே இருக்கட்டும். அன்யூட்டி, அமெரிக்காவிலேயே ஓய்வுபெறப் போகும் பிள்ளை பத்து ஆண்டுகளுக்குத் தொடத் தேவையில்லாத பணத்துக்கு மட்டும் பொருந்தும். அதுவும் மீளப்பெறும் கட்டண அட்டவணையை வரிவரியாக வாசித்த பின்னரே.